அப்பா கொடி, சிதம்பரத்துப் பழம்

கடலூர் முதுநகரில் ஆரோக்கிய ராணியின் மகன் அருள் பிரகாஷ் வீட்டிலேயே ஒயின் போடுகிறான் என்பது அந்தத் தெருவுக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் தெரிந்தது. பண்ருட்டிப் பலாச்சுளையில் போட்ட ஒயின் அது. ஒரு வாரம் தெருவே சன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அடுத்த வருஷம் முந்திரிப்பழத்தில் போட்டான். அதைக் குடித்த அவனுடைய சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட முடியாமல் போயிற்று. பாடகர் குழுவில் இரண்டு பேர் அதற்காக அருள் பிரகாஷின் கையைப் பிடித்து நன்றி சொன்னதாகக் கேள்வி.

அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் லேப் அசிஸ்டெண்ட். பியூரெட்டும் பிப்பெட்டும் கழுவிக் கழுவி, தானும் ஒரு விஞ்ஞானி என்ற நினைப்பு அவனுக்குள் கொஞ்சம் ஏறியிருந்தது. இனிப்பு எவ்வளவு என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அதை ஜாடிக்குள் மிதக்கவிட்டு, ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கும்போது அவன் முகத்தில் பெரிய டாக்டர் களை வந்துவிடும். தெருவில் அவனுக்குப் பெயரே ஒயின் பிரகாசு.

இத்தனைக்கும் காரணம் மொட்டை மாடியில் இருந்த திராட்சைக் கொடி. துறைமுகத்தில் வேலை பார்த்த அவன் அப்பா சூசைமாணிக்கம், மகள் பெலிசியா பிறந்த வருஷம் சிமெண்டுத் தொட்டி கட்டி நட்டது. "இவ கல்யாணத்துக்கு இந்தப் பழத்துலதான் ஒயின் போட்டு ஊத்துவேன்" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர். ரிசப்ஷன் மேடையில் கேக் வெட்டியதும் ஆளுக்கொரு சின்ன கிளாஸில் சிவப்பு ஒயின் கொடுப்பது அவர்கள் பக்கத்துக் கல்யாண வழக்கம். சொன்னபடி ஊற்றுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உள்ளதைச் சொன்னால் அந்தப் பழம் தடித்த தோலும் கொட்டையுமாக ஒரே புளிப்பு. சூசைமாணிக்கம் உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு முறை அதில் ஒயின் போட்டுப் பங்குச் சாமியாருக்குக் கொடுத்தார். சாமியார் நல்லவர், முகத்தைச் சுளிக்கவில்லை. ஆனால் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? ஆள் போனபிறகு அவர் சொன்ன வார்த்தை மட்டும் இனித்துக்கொண்டு நின்றது.

பெலிசியா ஓசூரில் நர்ஸ். ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானதுமே மாப்பிள்ளை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், எங்கப்பா வச்ச கொடி, எங்கண்ணன் போடற ஒயின் என்று. போனில் அண்ணனிடமும் ஒரு முறை கேட்டாள்.

"காய்ச்சிடுமாண்ணா?"

"என்னான்ட விட்டுட்டியில்ல? நீ புடவைய மட்டும் பாரு."

அங்கேதான் வினை. கொடி பாட்டுக்குக் காய்த்திருக்கும். இவனால் சும்மா இருக்க முடியவில்லை. எந்த நாட்டுக்காரனோ ஒருவன் பனிக்குல்லாய் போட்டுக்கொண்டு, கட்டையைத் தவிர எல்லாவற்றையும் வெட்டினால் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்று காட்டிய வீடியோவைப் பார்த்தான். அந்த ஆளுக்கு அங்கே பனிக்காலம். இங்கே பங்குனி வெயில், கொடியில் கடுகு கடுகாகப் பூ விட்டிருந்தது. அந்தக் கடுகைப் பூச்சி முட்டை என்று நினைத்தான் விஞ்ஞானி. கவாத்துக் கத்தரியோடு ஏறியவன் இறங்கும்போது மாடியில் ஒரு மொட்டைக் கட்டையும் நாலு குச்சியும் மிச்சம்.

வைகாசி போயிற்று, ஆனி பிறந்தது. குச்சியில் நாலு இலை வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் மாடிக்குப் போய்க் கொடியைத் தடவிப் பார்த்துவிட்டு வருவான். அம்மா ஆரோக்கிய ராணி கீழேயிருந்து கேட்பாள்.

"காய் வுட்டுச்சா?"

"வரும்மா. கொஞ்சம் லேட்டாவுது."

"பெலிசியாகிட்ட சொல்லிடுடா."

"எதுக்கு? நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத."

"எனக்கென்னா தெரியும்? நான் ஜெபமாலை சொல்லினு இருந்தேன்" என்று அவள் மணியை உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். எப்படிச் சொல்வான்? அப்பா வைத்த கொடியை, அப்பா சொன்ன சொல்லை, அவன் கையாலேயே கத்தரித்திருக்கிறான். அதை நினைத்தாலே காது மடல் சூடாகிவிடும். கடையில் பழம் வாங்கிப் போட்டுவிடுவது, கொடிப் பழம் என்று சொல்லிவிடுவது, யாருக்கும் தெரியாது என்று முடிவு கட்டினான்.

கடலூர் மார்க்கெட்டில் வாங்க முடியாது. பழக்கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவன் ஒயின் பிரகாசு, மீதிப் பேர் அவனோடு படித்தவர்கள். அதனால் சிதம்பரம் போவதென்று தீர்மானித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் உள்ளூர் விடுமுறை என்று சுற்றறிக்கை வந்தது. மாவட்டம் முழுக்க லீவு. ஆகா, ஆண்டவரே வழி விட்டார் என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். எதற்காக லீவு என்று அந்தத் தாளில் இருந்த இன்னொரு வரியைப் படித்திருக்கலாம். அன்றைக்கு ஆனித் திருமஞ்சனம். கடலூர் மாவட்டத்தில் கால் உள்ளவர்களெல்லாம் சிதம்பரத்தில் கூடுகிற நாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று கிளம்பினவன் ஊரே இருக்கிற இடத்துக்குப் போய் இறங்கினான்.

மேல வீதியில் நெருக்கித் தள்ளியது கூட்டம். விபூதி வாசனை, வியர்வை, பலூன், பொரி. தலையைக் குனிந்துகொண்டு மார்க்கெட்டுக்குள் நுழைந்து, சிங்காரம் என்ற வியாபாரியிடம் பன்னீர் திராட்சை இரண்டு பெட்டி கேட்டான்.

"ரெண்டு பெட்டியா? விசேஷமா தம்பி?"

"ஜூசுக்கு."

"ஜூசுக்கா! நல்லா வாசனையா இருக்கும், எடுத்துனு போ. தொட்டா கையெல்லாம் மணக்கும்."

மணக்கும் என்று சிங்காரம் சொன்னபோதுதான் அவனுக்கு உறைத்தது. அப்பா கொடிப் பழத்துக்கு வாசனையே கிடையாது. இதுவோ தூரத்திலேயே பன்னீர் தெளித்தாற்போல் இருக்கிறது. வேறு கறுப்புப் பழம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. பெட்டியைத் தோளில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

பஸ்ஸில் சன்னலோரம் ஒரு சீட்டைப் பிடித்து, பெட்டிகளை மடியில் அடுக்கிக்கொண்டு, அப்பாடா என்று மூச்சு விட்டான். பக்கத்தில் ஒரு கூடை வந்து இடித்தது. கூடைக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருநீறோடு பக்கத்து வீட்டு அமராவதி.

அமராவதியின் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அவர் கடலில் வலை போடுவார், இவள் கரையில் போடுவாள். தெருவில் யார் வீட்டுக் குக்கரில் எத்தனை விசில் வந்தது என்பது வரைக்கும் சிக்கிவிடும்.

"பிரகாசு! நீ இன்னாடா இங்க? சாமி பாக்க வந்தியா?"

"இல்லக்கா. சும்மா. ஸ்கூல் வேலை."

"லீவு நாள்லயா?" அவள் பெட்டியின் வைக்கோலை விரலால் விலக்கினாள். "திராட்ச. இது இன்னாத்துக்கு?"

"லேப்புக்குக்கா. பசங்களுக்கு ஆசிட் டெஸ்டு பண்ணிக் காட்டறதுக்கு."

"ரெண்டு பெட்டியுமா? பசங்க ஜாஸ்தியோ?"

"ஜாஸ்திதான்."

"ம்." அமராவதி ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். "நல்லாருக்குடா உன் ஆசிட்டு."

அதற்குப்பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புதுச்சத்திரம் வரைக்கும் சாமியை எவ்வளவு பக்கத்தில் பார்த்தாள் என்பதைச் சொன்னாள். ஆலப்பாக்கம் வரைக்கும் செருப்பு தொலைந்த கதை. நடுநடுவே கை மட்டும் பெட்டிக்குப் போய்ப் போய் வந்தது. திராட்சைச் சாறு பேண்டில் கசிந்து தொடை பிசுபிசுத்தது. அவன் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி பாவனை செய்தான். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்குவதற்குள் பெலிசியாவிடமிருந்து போன்.

"அண்ணா, நாளைக்கு வீடியோ கால் வரேன். கொடிய காட்டணும். இவரும் பாக்கணும்ங்கறாரு."

மறுநாள் காலையில் அருள் பிரகாஷ் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பச்சை நூல்கண்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். பெட்டியிலிருந்து நல்ல கொத்துகளாகப் பொறுக்கி, காம்பில் நூல் சுற்றி, ஒவ்வொரு குச்சியிலும் கட்டினான். தூரத்திலிருந்து பார்த்தால் பரவாயில்லை. கிட்டத்தில் பார்த்தால், கிறிஸ்துமஸ் மரத்துக்கு யாரோ தப்பான காலத்தில் ஜோடனை பண்ணியது போல் இருந்தது.

போனைத் தூரமாகப் பிடித்துக் காட்டினான். ஓசூரில் பெலிசியா கண்ணைச் சுருக்கினாள்.

"ஏண்ணா, இலையே காணோம்?"

"பழுக்கறப்ப இலைய கிள்ளிடணும்மா. அப்பதான் வெயில் படும். சயின்ஸு."

"ஓ." போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "அண்ணா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்னா சொல்லணும்? ஒண்ணுமில்லியே."

அப்போது பார்த்து ஒரு காக்கை இறங்கியது. ஒரு கொத்தைக் கவ்வி இழுத்தது. கொத்து அறுந்து வந்தது, கூடவே ஒரு முழம் பச்சை நூல். காக்கை நூலைத் தொங்கவிட்டுக்கொண்டு அமராவதி வீட்டு மாடிப் பக்கம் பறந்தது. "சிக்னல் போவுது, சிக்னல் போவுது" என்று கத்திவிட்டு அருள் பிரகாஷ் போனை அணைத்தான். வியர்த்துவிட்டது. நூல் தெரிந்திருக்காது, அவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்றைக்கே பழத்தைப் பீங்கான் ஜாடிகளில் போட்டான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஜாடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தான். காம்பு நீக்கி, கையாலேயே நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு, வாயில் துணி கட்டினான். காலையும் மாலையும் மரக்கரண்டியால் மேலே மிதந்த தோலை உள்ளே அமுக்கிவிட்டான். மற்ற வருஷமாக இருந்தால், ஜாடிக்குள் புசுபுசுவென்று நுரைக்கிற சத்தத்தைத் தெருவில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் கேட்கவைப்பான். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. தோலோடு கூடுதலாக ஊறவிட்டதில் நிறம் நன்றாக இறங்கியது. துணியில் வடிகட்டி, தெளியவைத்து, பாட்டில்களில் ஊற்றியபோது ரத்தச் சிவப்பு. வாழ்க்கையிலேயே அவன் போட்ட நல்ல ஒயின் அதுதான். பெருமைப்பட முடியாமல் போன ஒயினும் அதுதான். மூடியைத் திறந்தால் பன்னீர் வாசனை வீடு முழுக்க வந்தது. எத்தனை தடவை தெளியவைத்தும் வாசனை போகவில்லை.

தெருவில் இறங்கி நடக்கும்போது யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். அமராவதி எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தான். அவள் திறக்கவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஒரு நாள் அவளே கேட்டாள், "ஆசிட் டெஸ்டு முடிஞ்சிதா பிரகாசு?" முடிந்தது என்றான். "பசங்கல்லாம் பாஸா?" என்றாள். பாஸ் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

கல்யாணத்துக்கு நாலைந்து நாள் முன்னால் பெலிசியா வந்தாள். மாடிக்குப் போகவே இல்லை. அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது. துணி அடுக்கும்போது ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, "என்னாண்ணா, ஏதோ யோசனையாவே இருக்க? சொல்லு" என்று கேட்டாள். கல்யாண வேலை என்றான். அம்மா ஜெபமாலையை உருட்டினாள்.

ரிசப்ஷன் நடந்த மண்டபத்தில் தெரு மொத்தமும் ஆஜர். அமராவதி முன்வரிசையில் புதுப் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். கேக் வெட்டியாயிற்று. கிளாஸ்களில் ஒயின் எல்லோருக்கும் போயிற்று. பங்குச் சாமியார் மைக்கைப் பிடித்து, "மறைந்த நம் சூசைமாணிக்கத்தின் ஆசை இன்று நிறைவேறுகிறது. அதைப் பற்றி மணமகளின் அண்ணன் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று சொல்லி அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

பெலிசியா கிளாஸை உதட்டருகே வைத்துக்கொண்டு, குடிக்காமல் அவனையே பார்த்தாள். அம்மா பார்த்தாள். சரி, இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவன் வாய் திறந்ததென்னவோ உண்மை. வந்த வார்த்தை வேறு.

"இது... எங்கப்பா கையால நட்ட கொடி. அதுல பறிச்ச பழம். எங்கப்பாவே வந்து உங்களுக்கெல்லாம் ஊத்தறதா நெனச்சிக்குங்க."

தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டல் கிளம்பியது பாருங்கள், சாதாரணக் கைதட்டல் இல்லை அது. ஸ்கூல் நாடகத்தில் வசனம் மறந்துபோன குழந்தைக்குப் பெற்றவர்கள் தட்டுவார்களே, அந்தத் தட்டல். எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டியது அமராவதி. பெலிசியா ஒயினைக் குடித்துவிட்டு மாப்பிள்ளை காதில் ஏதோ சொன்னாள். மாப்பிள்ளை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மேடையை விட்டு இறங்கியவனை மாப்பிள்ளையின் அப்பா மறித்துத் தோளில் கை போட்டார். வெள்ளை மனசுக்காரர், நெய்வேலியில் ரிட்டயர் ஆனவர்.

"தம்பி, பிரமாதம். அப்படியே பன்னீர் வாசனை. சிதம்பரத்துல எந்தக் கடைன்னு சொல்லு. எங்க சின்னவன் கல்யாணத்துக்கும் ரெண்டு பெட்டி நீதான் வாங்கிப் போட்டுத் தரணும்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கொடுமை. கடையின் பெயரை எழுதிக்கொள்ள போனையே எடுத்துவிட்டார். அருள் பிரகாஷுக்கு மண்டபத்தின் விளக்குகளெல்லாம் தன் முகத்தில்தான் எரிகின்றன என்று பட்டது. சிங்காரம் என்று முனகினான். எப்படி அங்கிருந்து நகர்ந்தான் என்று தெரியாது.

மேடைக்குப் பின்னால், மாலைகளைக் கழற்றி வைத்த அறையில் பெலிசியா ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் கதவருகிலேயே நின்றான்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினாள். பஸ் சன்னல். மடியில் இரண்டு திராட்சைப் பெட்டி. மேல் பெட்டியில் கன்னத்தைச் சாய்த்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் அருள் பிரகாஷ்.

"அமராவதியக்கா பஸ்ஸுலேருந்தே அனுப்பிட்டாங்க. இதத்தான் நான் இத்தினி நாளா போன்ல வால்பேப்பரா வச்சிருந்தேன். எனக்காக ஒருத்தன் இவ்ளோ சொமந்துனு வரானேன்னு இருந்துச்சு."

"அப்ப வீடியோ கால்..."

"நீயே சொல்லுவேன்னுதான் போட்டேன். காக்கா நூலோட போச்சு, அப்பவும் சிக்னல்ங்கற." ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "கொடி போனா போவுது. அப்பா பழத்துல போட்டிருந்தா பாதிப் பேரு துப்பிட்டு போயிருப்பாங்க. அவருகூட கடைசில கடையிலதான் வாங்கியிருப்பாரு."

"பெலிசி..."

"இவருகிட்ட பந்தயம் கட்டுனேண்ணா. மைக்க புடிச்சி எங்கண்ணன் நெசத்த சொல்லிடுவான், அவனுக்கு பொய் நிக்காதுன்னு. அவரு இல்லன்னாரு." அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "தோத்துட்டேன்."

அவனுக்குத் திட்டு வாங்கிய பழக்கம் உண்டு, கேலி கேட்ட பழக்கம் உண்டு. தன்னை நம்பி ஒருத்தி தோற்ற பழக்கம் இல்லை. கையில் இருந்த காலி கிளாஸை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெளியே வந்தான்.

இரண்டு நாள் கழித்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஓசூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தவன் நேராக மாடிக்குப் போனான். மழை பெய்திருந்ததில் மொட்டைக் குச்சிகள் எல்லாம் துளிர்த்திருந்தன. துளிருக்கு நடுவே பச்சை நூல் முடிச்சுகள் அப்படியே இருந்தன. கத்தரி எடுத்துவரவில்லை. உட்கார்ந்து, நகத்தால் ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

பக்கத்து மாடியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அமராவதி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"இன்னாடா பிரகாசு, பூச்சி எடுக்கறியா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு தானாகவே கிளம்பியது. பிடித்து நிறுத்தினான்.

"இல்லக்கா. நூலு. அன்னிக்கி கடைப் பழத்த வாங்கியாந்து இதுல கட்டுனேன். பெலிசியாவ ஏமாத்தறதுக்கு."

அமராவதி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும்டா. அந்தக் காக்கா எங்கூட்டு மாடியிலதான் ஒக்காந்து தின்னுச்சு" என்றாள். "போன்ல கூப்புட்டு அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நீயே ஒத்துக்கினத நான் இன்னிக்கே தெரு பூரா சொல்லிடுவேன்."

அவன் போனை எடுத்துப் பெலிசியாவுக்கு மணி அடிக்கவிட்டான். ஓசூர் பஸ் இன்னும் பண்ருட்டியைக்கூடத் தாண்டியிருக்காது. அமராவதி கருவாட்டைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, காது நன்றாகக் கேட்கும் பக்கமாகச் சுவரோரம் நகர்ந்து நின்றாள்.